டேகை வெட்ட டெவ்வா, 3சி-யா?

ஒரு புரதத்தை பாக்டீரியாவில் செய்து எடுக்கப் போகிறோம் என்று முடிவானதும், அதைப் பிடித்துச் சுத்தம் செய்ய முனையில் சேர்க்கும் துண்டாக, அதாவது டேகாக, ஹிஸ் போடலாமா, ஜிஎஸ்டி போடலாமா, எம்பிபி போடலாமா என்று நாள் கணக்கில் யோசிக்கிறோம் (ஹிஸ் என்பது ஹிஸ்டிடின்களின் சிறு வரிசை, மற்ற இரண்டும் முழுப் புரதங்கள்). ஆனால் அந்த டேகைப் பிறகு எந்த நொதியால் வெட்டி எடுப்பது என்ற கேள்விக்கு மட்டும், ஃப்ரீசரில் என்ன கிடக்கிறதோ அதையே பதிலாக வைத்துக்கொள்கிறோம். நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் இருந்தேன். நொதியை நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம். வெட்டுமிடம் அப்படி இல்லை, அது பாக்டீரியாவுக்குள் மரபணுவைக் கொண்டுபோகும் பிளாஸ்மிட் என்ற வளையத்தின் டிஎன்ஏ-வில் எழுதப்பட்டுவிடுகிறது. அதை மாற்ற வேண்டுமென்றால் பிரைமர் (வரிசையை எழுதி வரவழைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு), பிசிஆர், சீக்வென்சிங் என்று மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். அதனால் இந்த முடிவை பிரைமர் ஆர்டர் செய்வதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள் என்று கேட்கிற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்குப் பெரும்பாலான ஆய்வகங்களில் இந்த வேலைக்குப் புழங்குவது இரண்டு வைரஸ் நொதிகள். ஒன்று டெவ் புரோட்டியேஸ், புகையிலைச் செடியைத் தாக்கும் டொபாக்கோ எட்ச் வைரஸிலிருந்து வந்தது. இன்னொன்று 3சி புரோட்டியேஸ், ஜலதோஷம் கொண்டுவரும் மனித ரைனோவைரஸிலிருந்து வந்தது, அதிலும் பெரும்பாலும் வகை 14-இலிருந்து. இரண்டையும் இப்போது யாரும் வைரஸிலிருந்து எடுப்பதில்லை. அந்த மரபணுத் துண்டை மட்டும் ஈ. கோலை பாக்டீரியாவில் போட்டு ரீகாம்பினன்ட் புரதமாகச் செய்துகொள்கிறோம். குழாயில் இருப்பது ஒரு சுத்தமான புரதம், வைரஸ் எதுவும் அதில் கிடையாது. புதிதாகச் சேரும் மாணவர்கள் இதை வாய்விட்டுக் கேட்கத் தயங்குவார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏன் வைரஸ் நொதி? முன்பெல்லாம் திராம்பினும் ஃபேக்டர் எக்ஸ்-ஏ-வும்தான் புழக்கத்தில் இருந்தன, இரண்டுமே ரத்தம் உறைதலில் வேலை செய்பவை. அவை தேடுகிற வரிசை சின்னது, அதிலும் பிடிவாதம் குறைவு. டேகை வெட்டிவிட்டுக் கையோடு நம் புரதத்திலும் ஒரு தளர்வான வளையத்தைக் கண்டுபிடித்து அங்கேயும் ஒரு வெட்டு போட்டுவிடும். வைரஸுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. ரைனோவைரஸ் தன் ஏறக்குறைய 7,200 எழுத்து ஆர்என்ஏ-வை ஒரே நீளப் புரதமாக மொழிபெயர்க்கிறது, எட்ச் வைரஸும் தன் சுமார் 9,500 எழுத்துகளை அதே மாதிரிதான். அந்த நீளப் புரதத்தைக் குறிப்பிட்ட மூட்டுகளில் மட்டும் வெட்டினால்தான் வைரஸுக்கு வாழ்வு, கண்ட இடத்தில் வெட்டினால் அதன் சொந்தப் புரதங்களே நாசம். அதனால் இந்த நொதிகள் ஏழெட்டு அமினோ அமில நீளத்துக்கு வரிசையைப் பார்த்துத்தான் வாயைத் திறக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

டெவ் தேடுவது குளூட்டமேட், அஸ்பராஜீன், லூசின், டைரோசின், ஃபீனைல்அலனின், குளூட்டமின், அதற்கு அடுத்து கிளைசின் அல்லது செரின். வெட்டு விழுவது குளூட்டமினுக்கு அப்புறம். 3சி தேடுவது லூசின், குளூட்டமேட், வேலின், லூசின், ஃபீனைல்அலனின், குளூட்டமின், பிறகு கிளைசின், புரோலின். அங்கேயும் வெட்டு குளூட்டமினுக்கும் கிளைசினுக்கும் நடுவில்தான். ஆக, டெவ்வால் வெட்டினால் நம் புரதத்தின் முனையில் ஒரே ஒரு கிளைசினோ செரினோ மிஞ்சும், 3சி-யால் வெட்டினால் கிளைசின்–புரோலின் என்று இரண்டு மிஞ்சும். பாடப்புத்தகக் கணக்கு இவ்வளவுதான், பலர் இந்த ஒன்றை வைத்தே டெவ் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள்.

நிஜத்தில் மிஞ்சுவது எவ்வளவு என்பதை நொதியைவிட வெக்டர்தான், அதாவது மரபணுவைச் சேர்க்கும் பிளாஸ்மிட்தான் முடிவு செய்கிறது. பிஜெக்ஸ்-6பி வரிசை வெக்டர்களில் 3சி வெட்டுமிடத்துக்கு அப்புறம் பாம்-எச்-1 என்ற, டிஎன்ஏ-வை வெட்டி ஒட்டும் ரெஸ்ட்ரிக்ஷன் தளம் வருகிறது. அந்தத் தளத்தில் மரபணுவைச் சேர்த்தால் மிஞ்சுவது கிளைசின், புரோலின், லூசின், கிளைசின், செரின் என்று ஐந்து. டெவ் வெக்டர்களிலும் இதே கதைதான், என்-கோ-1 தளத்தில் ஒட்டினால் கிளைசினோடு கூட ஒன்றிரண்டு அமினோ அமிலங்கள் வால் பிடித்து வரும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடை கொஞ்சம் கூடுதலாக வந்ததைப் பார்த்து ஒரு வாரம் குழம்பியவர்களை எனக்குத் தெரியும், கடைசியில் பார்த்தால் அத்தனையும் வெக்டர் மிச்சம். எந்த நொதியைத் தேர்ந்தாலும் சரி, வெட்டிய பிறகு இருக்கப்போகும் வரிசையை ஒரு காகிதத்தில் ஒவ்வொரு அமினோ அமிலமாக எழுதிப் பாருங்கள். ரெஸ்ட்ரிக்‌ஷன் தளத்தை விட்டுவிட்டு கிப்சன் மாதிரி ஒட்டுமுறைக்குப் போனால் இந்த வாலே இருக்காது.

முனையில் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்றால்தான் டெவ்வின் உண்மையான பலம் தெரியும். வெட்டுக்கு அடுத்து வரும் இடத்தில் கிளைசின், செரின் என்று எழுதிவைத்திருந்தாலும், அந்த இடத்தில் டெவ் அவ்வளவு கறார் காட்டாது. அலனினையும் மெத்தியோனினையும் நன்றாகவே ஏற்கும், இன்னும் பலவற்றை வேகம் குறைந்தாலும் ஏற்கும், புரோலினை மட்டும் தொடாது. அதாவது, உங்கள் புரதம் அலனினில் தொடங்குகிறது என்றால் குளூட்டமினுக்கு அடுத்தே நேராக அந்த அலனினை வைத்துவிடலாம். வெட்டியதும் இயற்கையான முனையே கிடைத்துவிடும். 3சி-க்கு அந்தப் பக்கம் கிளைசின்–புரோலின் இருந்தால்தான் வேலை நன்றாக ஓடும், அதனால் இந்தச் சலுகையை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். முனையில் இருக்கும் அமினோ தொகுதியே வினை செய்கிற நொதிகள், முனை சரியாக இல்லையென்றால் ஏற்பியில் உட்காராத சிறு புரதங்கள் போன்றவற்றுக்கெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு டெவ் பக்கம்தான். (சூமோ டேகும் யுஎல்பி-1 நொதியும் இதைவிடச் சுத்தமாக இந்த வேலையைச் செய்யும், ஆனால் அது ஈஸ்ட் நொதி. அது தேடுவது வரிசையை அல்ல, சூமோவின் முழு மடிப்பை. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

டேக் புரதத்தின் பின்முனையில் இருந்தால் கணக்கே தலைகீழ். வெட்டு குளூட்டமினுக்குப் பின்னால் விழுவதால், முன்னால் உள்ள ஆறு அமினோ அமிலங்களும் உங்கள் புரதத்தோடேயே தங்கிவிடும். டெவ்வாக இருந்தாலும் 3சி-யாக இருந்தாலும் ஆறுதான். இதில் ஒரு அழகான விதிவிலக்கை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். சார்ஸ் வகை கொரோனா வைரஸ்களின் முதன்மைப் புரோட்டியேஸ் இயற்கையாகவே செரின், கிளைசின், வேலின், திரியோனின், ஃபீனைல்அலனின், குளூட்டமின் என்று முடிகிறது. அது 3சி தேடும் வரிசைக்குக் கிட்டத்தட்டச் சொந்தக்காரன் மாதிரி இருக்கிறது அல்லவா? அதற்கு அப்புறம் கிளைசின்–புரோலினும் ஹிஸ் டேகும் சேர்த்தால், 3சி அந்த இடத்திலேயே வெட்டிவிடும், பின்முனையில் எந்த மிச்சமும் இல்லாத அசல் புரதம் கிடைக்கும். முன்முனையிலோ அந்தப் புரோட்டியேஸ் தன் சொந்த வெட்டுமிடத்தைத் தானே வெட்டிக்கொள்ளும். 2020-இல் கொரோனா மருந்துத் தேடலுக்காகப் படிகமாக்கப்பட்ட புரதங்கள் பல இப்படித்தான் தயாராகின. வரிசையை உட்கார்ந்து பார்த்தால் இப்படி ஏதாவது வழி தென்படும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்தது வெப்பநிலை, என் முடிவுகளில் பாதி இதில்தான் தீர்கிறது. டெவ்வுக்குப் பிடித்தது 30 டிகிரி பக்கம். குளிர் அறையில் 4 டிகிரியிலும் வெட்டும், ஆனால் மெதுவாக, அதனால் இரவு முழுக்க விட வேண்டும், நொதியையும் கொஞ்சம் தாராளமாகப் போட வேண்டும். 3சி-யை 4 டிகிரியில் வைத்தாலும் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது, அதன் பெரிய வசதியே இதுதான். அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வைத்தாலே கலங்கிப்போகும் புரதங்கள், பல உறுப்புகள் சேர்ந்த கூட்டுப்புரதங்கள், டிடர்ஜென்டில் மிதக்கும் சவ்வுப் புரதங்கள் இவற்றையெல்லாம் குளிரிலிருந்து வெளியே எடுக்கவே மனசு வராது. அங்கே 3சி போட்டால் சாயங்காலம் கலந்து வைத்து, காலையில் வந்து பார்த்தால் வேலை முடிந்திருக்கும். டெவ் சில டிடர்ஜென்ட்களில் மந்தமாகிவிடும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. சவ்வுப் புரதம் என்றால் நான் இப்போது வேறு யோசனையே இல்லாமல் 3சி வரிசையைத்தான் எழுதுகிறேன்.

ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கப் போடும் ஒடுக்கியான டிடிடி விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் இங்கேதான் எனக்கு ஒரு நல்ல அடி விழுந்தது. இரண்டு நொதிகளுமே வெட்டும் வேலையை ஒரு சிஸ்டீனை வைத்துத்தான் செய்கின்றன, அந்த சிஸ்டீன் ஆக்சிஜனேற்றம் ஆகாமல் இருக்க 1 மில்லிமோலார் டிடிடி போடச் சொல்லிக் கூடவே வரும் தாளில் இருக்கும். ஒருமுறை இரண்டு டைசல்ஃபைட் பிணைப்புகள் (சிஸ்டீன்களை இணைக்கும் கந்தகப் பிணைப்புகள், ஒடுக்கி பட்டால் அவிழும்) உள்ள ஒரு சுரப்புப் புரதத்தை இரண்டு வாரம் பாடுபட்டு எடுத்து, பழக்க தோஷத்தில் டயாலிசிஸ் பஃபரில் டிடிடியைப் போட்டு இரவு முழுக்க விட்டுவிட்டேன். காலையில் டேக் நன்றாக வெட்டப்பட்டிருந்தது, கூடவே புரதத்தின் டைசல்ஃபைட்களும் அவிழ்ந்து, புரதங்களை அளவை வைத்துப் பிரிக்கும் ஜெல் ஃபில்ட்ரேஷனில் ஒரே கூர்மையான பீக்காக வந்துகொண்டிருந்தது முன்பக்கம் பரந்த மேடாக வந்தது. நொதிமேல் தப்பே இல்லை. இப்போது அப்படிப்பட்ட புரதங்களுக்கு டிடிடிக்குப் பதிலாக 3 மில்லிமோலார் ஒடுக்கிய குளூட்டதயோனும் 0.3 மில்லிமோலார் ஆக்சிஜனேற்றிய குளூட்டதயோனும் சேர்ந்த கலவையைப் போடுகிறேன். டெவ் அதில் நன்றாகவே வெட்டுகிறது, டைசல்ஃபைட்டும் பிழைக்கிறது. செல்லை உடைக்கும்போது போட்ட பிஎம்எஸ்எஃப் என்ற புரோட்டியேஸ் தடுப்பான் மிச்சம் இருக்கிறதே, வெட்டாதோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. டெவ்வை அது நிறுத்தாது. என்-எதில்மாலிமைடு, அயடோஅசிட்டமைடு மாதிரி சிஸ்டீனைப் பிடிக்கும் எதுவும் பஃபரில் இருக்கக் கூடாது, துத்தநாகமும் வேண்டாம், அதை மட்டும் பாருங்கள்.

டிடிடி பற்றி இன்னொன்று. வெட்டிய கலவையை நேராக நிக்கல் காலத்தில் (ஹிஸ் டேகைப் பிடிக்கும் நிக்கல் ரெசின் நிரப்பிய குழாய், ஆங்கிலத்தில் column) ஏற்றும்போது டிடிடி அதிகமாக இருந்தால் ரெசின் பழுப்பாகிவிடும். உலோகத்தைப் பிடிக்கும் ஈடிடிஏ இருந்தால் நிக்கலையே பிடுங்கிக்கொண்டு போய்விடும், நீல ரெசின் வெள்ளையாகக் கண்ணெதிரே மாறும். பல டெவ் செய்முறைகளில் 0.5 மில்லிமோலார் ஈடிடிஏ எழுதியிருக்கும், அது வழக்கமாக வந்த ஒன்று. டெவ்வுக்கு உலோகமும் தேவையில்லை, ஈடிடிஏ-வும் தேவையில்லை. நான் அதை விட்டுவிடுகிறேன்.

இப்போது பலரும் கோட்டை விடும் இடத்துக்கு வருகிறேன். வெட்டிய பிறகு குழாயில் நாலு பேர் இருப்பார்கள்: நம் புரதம், கழன்ற டேக், வெட்டப்படாத மிச்சம், அப்புறம் நொதி. இவர்களை எப்படிப் பிரிக்கப் போகிறோம்? நொதியின் மேல் என்ன டேக் இருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். டெவ்வைப் பெரும்பாலும் ஹிஸ் டேகோடுதான் செய்வார்கள். நம் புரதத்தின் டேகும் ஹிஸ் என்றால் கதை சுலபம், கலவையை மறுபடி நிக்கல் காலத்தில் விட்டால் டேக், வெட்டப்படாதது, நொதி மூன்றும் ஒட்டிக்கொள்ளும், நம் புரதம் மட்டும் அப்படியே ஓடி வந்துவிடும். 3சி கடைகளில் இரண்டு விதமாகக் கிடைக்கிறது, ஹிஸ் டேகோடு ஒன்று, ஜிஎஸ்டி-யோடு இணைத்தது ஒன்று. இதைக் கவனிக்காமல் ஒருமுறை ஹிஸ் டேக் போட்ட புரதத்துக்கு ஜிஎஸ்டி–3சி போட்டு வெட்டிவிட்டு, நிக்கல் காலத்தில் மட்டும் விட்டேன். ஜெல்லில் நம் புரதத்துக்கு மேலே 46 கிலோடால்டன் பக்கம் ஒரு மெல்லிய பேண்ட் வந்தது. பாக்டீரியாப் புரதம் ஏதோ கூட வருகிறது என்று நினைத்து அயான் எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் போனேன். 3சி சுமார் 20, ஜிஎஸ்டி சுமார் 26, இரண்டையும் கூட்டிப் பார்த்திருந்தால் அஞ்சு நிமிஷத்தில் புரிந்திருக்கும். ஜிஎஸ்டி-யைப் பிடிக்கும் குளூட்டதயோன் ரெசின் கொஞ்சம் போட்டுக் குலுக்கியதும் போய்விட்டது. நொதியின் டேகும் புரதத்தின் டேகும் ஒன்றாக இருக்கட்டும், வேறாக இருந்தால் அந்த இன்னொரு ரெசினையும் முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி டேக் போட்டவர்களுக்கு ஜிஎஸ்டி–3சி கச்சிதமான ஜோடிதான். காலத்தில் ஒட்டியிருக்கும்போதே நொதியை ஊற்றி, குளிர் அறையில் இரவு விட்டு, காலையில் வெட்டிய புரதத்தை மட்டும் கழுவி எடுத்துவிடலாம். குளூட்டதயோன் போட்டு எல்லாவற்றையும் இறக்கிவிட்டு அப்புறம் வெட்டினீர்கள் என்றால், அந்தக் குளூட்டதயோனை டயாலிசிஸில் முழுசாக எடுக்காமல் மறுபடி காலத்தில் விடாதீர்கள், ஜிஎஸ்டி ஒட்டாமல் ஓடிவிடும்.

காலத்தில் ஒட்டியிருக்கும்போதே வெட்டி எடுப்பது டெவ்வுக்கும் பழைய வித்தைதான். 1999-இல் ஹைடல்பெர்கின் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்திலிருந்து வந்த டேப்-டேக் முறையில், ஈஸ்டின் புரதத்தோடு கால்மோடுலினைப் பிடிக்கும் துண்டு, டெவ் வெட்டுமிடம், புரோட்டீன்-ஏ என்று வரிசையாகச் சேர்த்திருந்தார்கள். ஐஜிஜி (ஆன்டிபாடி) மணிகளில் ஒட்டிய புரோட்டீன்-ஏ-வை அமிலம் போட்டுக் கழற்றினால் கூட ஒட்டிவந்த துணைப் புரதங்கள் சிதறிவிடும், ஆனால் டெவ் போட்டால் கூட்டணி கலையாமல் அப்படியே இறங்கிவரும். உயிருள்ள செல்லுக்குள்ளேயே வெட்டவும் டெவ்தான் அதிகம் கைகொடுத்திருக்கிறது. சகோதரிக் குரோமோசோம்களைக் கட்டி வைக்கும் கோஹெசினில் டெவ் வெட்டுமிடத்தைச் சேர்த்து, ஈஸ்டுக்குள் டெவ்வை வரவழைத்து வெட்டினால் குரோமோசோம்கள் பிரிந்துவிடுகின்றன என்று 2000-இல் காட்டினார்கள். கோஹெசின் வெட்டப்படுவதே பிரிவதற்குப் போதும் என்று அதிலிருந்துதான் நேரடியாகத் தெரிந்தது. அந்தச் சோதனையைப் படித்த நாளிலிருந்து எனக்கு இந்த நொதிமேல் ஒரு தனி மரியாதை உண்டு. செல்லுக்குள் வெட்ட வேண்டிய திட்டம் என்றால் யோசிக்கவே வேண்டாம், டெவ்வை எடுத்துக்கொள்ளுங்கள், பின்பற்ற முன்னுதாரணங்கள் நிறைய இருக்கின்றன.

சரி, நாமே செய்துகொள்வதா, வாங்குவதா? வருஷத்துக்கு ஒன்றிரண்டு புரதம்தான் என்றால் வாங்கிவிடலாம், அதற்கு மேல் போனால் செய்துகொள்ளத்தான் வேண்டும், இரண்டையுமே செய்யலாம். 3சி நல்ல பிள்ளை மாதிரி கரைந்த நிலையிலேயே நிறைய வரும். டெவ் ஆரம்பத்தில் தொல்லை கொடுத்த நொதி. இயற்கை வடிவத்துக்கு இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, பாக்டீரியாவுக்குள் செய்யும்போது பெரும்பகுதி கரையாமல் கட்டியாகிவிடும். இரண்டாவது, தன்னையே 218-க்கும் 219-க்கும் நடுவில் வெட்டிக்கொள்ளும், வெட்டுப்பட்ட நொதிக்கு வேகம் குறைவு. இரண்டாவதை 219-ஆம் இடத்துச் செரினை வேலினாக மாற்றிச் சரிசெய்தார்கள், 2001-இல் வெளிவந்த வேலை அது. முதலாவதற்கு எம்பிபி-யோடு இணைத்து, நடுவில் டெவ் வெட்டுமிடத்தையே வைத்துவிட்டார்கள். செல்லுக்குள்ளேயே எம்பிபி-யின் துணையில் மடிந்து முடித்ததும், தன்னைத் தானே வெட்டிக்கொண்டு ஹிஸ் டேகோடு வெளியே வந்துவிடும். பிஆர்கே793 என்ற அந்த பிளாஸ்மிட் பொதுவில் கிடைக்கிறது. அதை வளர்க்கும்போது தூண்டிய பிறகு 30 டிகிரிக்கு இறக்கிவிடுங்கள், 37-இலேயே விட்டால் கரைந்த நொதி குறைந்துவிடும். நொதியை ரொம்ப அடர்த்தியாக்கப் பார்க்காதீர்கள், மில்லிக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் ஏற ஏற வீழ்படிவு எட்டிப்பார்க்கும். நான் அந்த அளவிலேயே நிறுத்தி, கிளிசரால் சேர்த்து, சின்னச் சின்னப் பங்குகளாகத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து மைனஸ் 80-இல் போட்டுவிடுகிறேன். 3சி-யை இதைவிட அடர்த்தியாக வைக்கலாம், அதனால் வெட்டும்போது கலவையின் கன அளவு பெரிதாக ஏறாது. இது சின்ன விஷயமாகத் தெரியும், அரை மில்லி புரதத்தை வெட்டும் அன்றைக்குப் பெரிய விஷயமாகிவிடும்.

எதை எடுத்தாலும் முழுப் புரதத்தையும் ஒரேயடியாகப் பணயம் வைக்காதீர்கள். நான் செய்வது இதுதான். 50 மைக்ரோகிராம் புரதத்தை எடுத்து, எடையில் ஐம்பதுக்கு ஒன்று என்று நொதி போட்டு ஒரு குழாய், நூற்றுக்கு ஒன்று என்று இன்னொரு குழாய், நொதியே போடாமல் மூன்றாவது குழாய். மூன்றையும் 4 டிகிரியில் வைத்து ஒரு மணி, மூணு மணி, மறுநாள் காலை என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, சாம்பிள் பஃபரில் போட்டுக் கொதிக்கவைத்து ஜெல்லில் ஓட்டுவேன். நொதி போடாத குழாய் வீண் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். புரதம் தானாகவே உதிர்கிறதா, நொதி உதிர்க்கிறதா என்று சொல்லப்போவது அந்தக் குழாய்தான். ஹிஸ் டேக் மட்டும் கழலும்போது எடை இரண்டு கிலோடால்டன்தான் குறையும், 60 கிலோடால்டன் புரதத்தில் அது 10 சதவீத ஜெல்லில் கண்ணுக்கே தெரியாது. வெட்டவில்லை என்று நினைத்து நொதியை மேலும் மேலும் ஊற்றுவதற்கு முன்னால், ஒரு சொட்டை நிக்கல் மணிகளோடு கலந்து சுழற்றிப் பாருங்கள். புரதம் மணியில் ஒட்டவில்லை, மேல்நீரில் இருக்கிறது என்றால் டேக் போய்விட்டது.

நிஜமாகவே வெட்டவில்லை என்றாலும் பெரும்பாலும் நொதி காரணமாக இருக்காது. வெட்டுமிடம் புரதத்தின் மடிப்பை ஒட்டி நெருக்கமாக உட்கார்ந்திருக்கும், நொதியின் வாய்க்கு அது எட்டாது. டெவ்வுக்கும் 3சி-க்கும் இதில் ஒரே நிலைமைதான், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் தீரும் என்று நம்பாதீர்கள். கிளைசின்–செரின் என்று நாலைந்து அமினோ அமிலத் தளர்வான இணைப்பை வெட்டுமிடத்துக்கு முன்னாலும் முடிந்தால் பின்னாலும் சேர்த்துவிடுவது பிரைமர் ஆர்டர் செய்யும் நாளில் ஐந்து நிமிஷ வேலை. அதே நாளில் உங்கள் புரத வரிசையில் குளூட்டமின்–கிளைசின், குளூட்டமின்–செரின் எங்கெல்லாம் வருகிறது, அதற்கு முன்னால் இந்த நொதிகளுக்குப் பிடித்த வரிசை ஏதாவது இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வராது, அவ்வளவு நீள வரிசை தற்செயலாக வருவது அபூர்வம், ஆனாலும் பாருங்கள்.

டயாலிசிஸ் பையில் வெள்ளையாகப் பனி மாதிரி இறங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காலையின் வலி தெரியும். எம்பிபி போட்டு நன்றாகக் கரைந்திருந்த ஒரு புரதத்தை டெவ்வால் வெட்டியபோது எனக்கு அப்படி ஆனது, டெவ்தான் கெடுத்தது என்று நினைத்து 3சி வெட்டுமிடத்தோடு மறுபடி குளோன் செய்தேன். ஒன்றரை மாதம் போனது. 3சி-யிலும் அதே பனி. எம்பிபி தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் அந்தப் புரதம் கரைசலில் நின்றது, தாங்கலை எடுத்ததும் விழுந்தது, யார் வெட்டினாலும் விழும். அதற்கு மருந்து உப்பு அளவிலும், கிளிசராலிலும், சில சமயம் புரதத்தின் எல்லைகளை மாற்றி எழுதுவதிலும்தான் இருந்தது. இந்த ஒரு அனுபவத்தால்தான், சோதனை வெட்டு முடிந்ததும் ஜெல்லில் ஏற்றுவதற்கு முன்னால் குழாயைச் சுழற்றி, மேல்நீரையும் அடியில் இருப்பதையும் தனித்தனியாக ஓட்டச் சொல்கிறேன். கலக்கி ஏற்றினால் வெட்டு அழகாகத் தெரியும், புரதம் அடியில் கிடப்பது தெரியாது.

இரண்டும் தேவைப்படும் திட்டங்களும் உண்டு. இரண்டு உறுப்புள்ள கூட்டுப்புரதத்தில் ஒன்றுக்கு ஹிஸ், இன்னொன்றுக்கு ஜிஎஸ்டி போட்டு, முதலில் ஒரு டேகை மட்டும் கழற்றி, பிறகு அடுத்ததைக் கழற்ற வேண்டும் என்றால் ஒன்றுக்கு டெவ், ஒன்றுக்கு 3சி என்று எழுதிவிடுங்கள். ஒன்றின் வெட்டுமிடத்தை மற்றொன்று சீண்டாது. மூன்றாவது ஒன்று வேண்டுமென்றால் டிவிஎம்வி என்ற இன்னொரு புகையிலை வைரஸின் புரோட்டியேஸ் இருக்கிறது, டெவ்வின் உறவுக்காரன்தான், ஆனால் வரிசை வேறு, டெவ்வோடு குழம்பாது. டெவ்வைவிட மெதுவாக வெட்டுவதால் நான் அதை வழக்கமான வேலைக்கு எடுப்பதில்லை.

யாராவது வந்து ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று கேட்டால், புரதத்தைப் பற்றி எதுவும் தெரியாத நிலையில் 3சி என்றுதான் சொல்வேன். முனையில் இரண்டு அமினோ அமிலம் மிஞ்சுவதால் கெட்டுப்போன புரதங்களைவிட, 30 டிகிரியில் இரவு கழித்துக் கெட்டுப்போன புரதங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். முனை முக்கியம் என்று தெரிந்தாலோ, செல்லுக்குள் வெட்ட வேண்டியிருந்தாலோ, ஏற்கெனவே டெவ்வை நன்றாகச் செய்து வைத்திருக்கும் ஆய்வகத்தில் உறுதியான, வெப்பத்துக்கு அசையாத புரதத்தோடு வேலை செய்தாலோ டெவ். போன வாரம் ஒரு மாணவி, நாலு உறுப்புள்ள ஒரு கூட்டுப்புரதத்துக்கு டெவ் வரிசையோடு பிரைமர் எழுதிக் கொண்டுவந்தாள். அந்தப் புரதம் அறை வெப்பத்தில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டேன், ஜெல் ஃபில்ட்ரேஷனில் ஒரு மணி நேரத்திலேயே இரண்டாகப் பிரிகிறது என்றாள். வரிசையை 3சி-க்கு மாற்றி எழுதி, முன்னால் கிளைசின்–செரின் நாலைச் சேர்த்து, அன்றைக்கே ஆர்டர் போட்டோம்.